கேட்பாரைக் கேட்பார் யார்?

'கேட்பாரற்றுக் கிடக்கிறது' என்றொரு சொற்றொடர் நம் நாட்டில் உண்டு. பாழடைந்த மண்டபத்தைக் காட்டிச் சொல்வார்கள். தூர்ந்துபோன குளத்தைக் காட்டிச் சொல்வார்கள். இப்போது வானொலியைக் காட்டிச் சொல்லத் தலைப்பட்டிருக்கிறார்கள். "இந்தக் காலத்தில் வானொலியை எவர் கேட்கிறார்?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமலே நடையைக் கட்டுகிறார்கள். கேள்வி கேட்டவரே தீர்ப்பும் எழுதிவிடுகிறார். சாட்சி இல்லை, விசாரணை இல்லை, தீர்ப்பு மட்டும் உண்டு!

நாட்டின் பல மூலைகளிலே நடுத்தர அலை ஒலிபரப்பிகள் ஒன்றன்பின் ஒன்றாக ஓய்வு பெற்று வருகின்றன. பழுதானதை மாற்றவேண்டாம் என்போரை மறுக்க வரவில்லை நான். எந்த எண்ணை வைத்து இந்த முடிவு எடுக்கப்படுகிறது என்று கேட்க வந்திருக்கிறேன். பொதிகையிலே பிறந்து புன்னைக்காயலிலே கடல் சேருகிற பொருநைக் கரையில் எத்தனை காதுகள் வானொலிக்குத் திறந்திருக்கின்றன? எண்ணியவர் யார்? எப்போது எண்ணினார்? எவரிடம் கேட்டு எண்ணினார்?

ஆற்றுக்குக் கணக்கு வைத்திருக்கிறோம், தோழர்களே. கோடைமேலழகியான், நதியுண்ணி, கன்னடியன், அரியநாயகிபுரம், பழவூர், சுத்தமல்லி, மருதூர், திருவைகுண்டம் என எட்டு அணைக்கட்டுகள். பாபநாசத்திலே நீர்மட்டம் இத்தனை அடி என்று நாள்தோறும் ஏடுகளிலே வருகிறது. உழவன் அதைப் பார்த்து நாற்றுப் பாவுகிறான். காதில் பாயும் ஒலிக்கு மட்டும் அளவுகோல் இல்லையா என்றால், உண்டு. ஏறத்தாழ நூறாண்டுகளாக உலகம் அதை வளர்த்து வந்திருக்கிறது. அந்த வரலாற்றை நம் தோழர்கள் அறியவேண்டும். பயிற்சியிலே சேருவதற்காக அல்ல. 'புள்ளிவிவரம்' என்ற போர்வையைப் போர்த்திக்கொண்டு எவரேனும் வந்தால், போர்வையை விலக்கிப் பார்க்கும் துணிவு நமக்கு வேண்டும் என்பதற்காக.

தொடக்கத்திலே, வந்த கடிதங்களை எண்ணினார்கள். மூட்டை மூட்டையாகக் கடிதம் வந்தால் நிகழ்ச்சி வெற்றி என்றார்கள். 1952இல் இலங்கை வானொலியிலே பினாக்கா கீத்மாலா தொடங்கியபோது முதல் ஒலிபரப்புக்கே ஒன்பதாயிரம் கடிதங்கள் வந்தன என்றும், பின்னர் வாரத்துக்கு அறுபத்தையாயிரம் வரை ஏறிற்று என்றும் அதை நடத்திய அமீன் சயானி சொல்லியிருக்கிறார். மலைப்புத் தரும் எண்தான்! ஆனால் கடிதம் எழுதுபவர் யார்? எழுத்தறிந்தவர், அஞ்சலட்டைக்குக் காசு உள்ளவர், தன் பெயர் காற்றிலே ஒலிக்கவேண்டும் என்ற ஆவல் கொண்டவர். கேட்டுவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டு அடுப்படிக்குப் போன தாயின் கடிதம் எந்த மூட்டையிலே இருக்கும்? கடிதம் ஆர்வத்தைக் காட்டும், அளவைக் காட்டாது. நாடகக் கொட்டகையிலே முன்வரிசைக் கைதட்டலை வைத்து, தரையிலே அமர்ந்திருப்போர் தொகையைக் கணக்கிட முடியுமா?

அடுத்து, உரிமங்களை எண்ணினார்கள். இந்நாட்டிலே ஒரு காலத்தில் வானொலிப் பெட்டி வைத்திருக்க அஞ்சலகத்திலே கட்டணம் செலுத்தி உரிமம் பெறவேண்டும். எத்தனை உரிமமோ அத்தனை பெட்டி; அதுதான் அரசினர் கணக்கு. ஆனால் பஞ்சாயத்து வானொலியை நினைத்துப் பாருங்கள்! ஒரு பெட்டி, உச்சியிலே ஓர் ஒலிபெருக்கி, அடியிலே திண்ணையிலும் மணலிலும் ஊர்கூடி உட்கார்ந்திருக்கும். உரிமம் ஒன்று, செவிகள் நூறு! பணக்காரர் மாளிகையிலோ, பெட்டி மேல் பூப்போட்ட துணி போர்த்தியிருக்கும். ஒலி எழுவது திருநாளன்று மட்டும். அங்கும் உரிமம் ஒன்றுதான். பெட்டியை எண்ணினால் உடைமை தெரியும்; உபயோகம் தெரியாது.

அமெரிக்க நாட்டிலே 1930இல் கிராஸ்லி என்பார் தொலைபேசியைக் கையில் எடுத்தார். வீடுகளை அழைத்து, "நேற்று என்ன கேட்டீர்கள்?" என்று வினவினார். நினைவு ஏமாற்றும் என்று கருதியவர்கள் 1934இல் வேறு வழி கண்டார்கள். "இந்த நொடியில் உங்கள் வீட்டிலே வானொலி பாடுகிறதா? எந்த நிலையம்?" என்பது ஹூப்பர் நிறுவனத்தாரின் கேள்வி. நினைவின் பிழை நீங்கிற்று. ஆனால் பெரும் பிழை நீங்கவில்லை. தொலைபேசி இல்லாதவன் வீட்டிலே காது இல்லையா?

அந்தப் பிழை எவ்வளவு பெரிது என்பதை அரசியல் களத்திலே உலகம் கண்டது. 1936இல் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் தேர்தல். 'லிட்டரரி டைஜஸ்ட்' என்ற ஏடு ஏறத்தாழ ஒரு கோடிப் பேருக்கு வாக்குச்சீட்டு அனுப்பிற்று. இருபது இலட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் திருப்பி அனுப்பினார்கள். இத்தனை பெரிய கணக்கெடுப்பை எவர் மறுக்க முடியும் என்று மார்தட்டி, லாண்டன் வெல்வார் என்று முழங்கிற்று அந்த ஏடு. நடந்தது என்ன? மொத்தம் 48 மாநிலங்களில் 46 மாநிலங்களை ரூஸ்வெல்ட் வாரிக்கொண்டு போனார்! ஏடு ஏன் ஏமாந்தது? தொலைபேசிப் பட்டியலிலும் மோட்டார் வண்டிப் பதிவேட்டிலும் முகவரி பொறுக்கியது ஒரு காரணம். அஞ்சலிலே பதில் அனுப்பியவர்களை மட்டுமே நம்பியது மற்றொரு காரணம். வேலையிழந்து வீதியிலே நின்றவனுக்கு மோட்டார் ஏது? அதே தேர்தலில், அதில் ஒரு சிறு பங்கினரை மட்டுமே விசாரித்த காலப் முடிவைச் சரியாகச் சொன்னார். எத்தனை பேரைக் கேட்டாய் என்பதைவிட, எப்படிப் பொறுக்கினாய் என்பதே முக்கியம் என்ற பாடத்தை அன்று உலகம் படித்தது.

நம் பாட்டிமார் அதை அடுப்படியிலேயே படித்திருந்தார்கள்! 'ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம்' என்றார்களே, அதுதான் மாதிரிக் கணக்கெடுப்பின் முதல் விதி. ஆனால் பாட்டி அகப்பையைவிட்டுக் கிளறிவிட்டுத்தான் ஒரு பருக்கையை எடுப்பாள். கிளறாமல் மேலாக எடுத்தால், அடியிலே பிடித்தது தெரியாது. நடுவிலே நறுக்கரிசியாக இருப்பது தெரியாது. ஊரைக் கிளறி, எல்லாத் தெருவுக்கும் எல்லாக் குடிசைக்கும் சம வாய்ப்புத் தந்து நானூறு பேரைப் பொறுக்கினால், விடை பெரும்பாலும் நூற்றுக்கு ஐந்துக்குள்ளான ஏற்ற இறக்கத்தோடு மெய்யைத் தொடும். ஆயிரம் பேரானால் அந்த ஏற்ற இறக்கம் மூன்றாகக் குறையும். கிளறாமல் பத்து இலட்சம் பேரைக் கேட்டாலும், வருவது பத்து இலட்சம் மடங்கு பொய்!

மனிதனின் நாவை நம்பாமல் பொறியை நம்பியவர்களும் உண்டு. நீல்சன் நிறுவனத்தார் 1942இல் 'ஆடிமீட்டர்' என்ற கருவியைக் கொண்டு கணிப்புப் பணியைத் தொடங்கினார்கள். பெட்டியோடு இணைத்தால், எப்போது திருகினார்கள், எந்த நிலையத்திலே முள் நின்றது என்று அதுவே பதிந்துகொள்ளும். பொய் சொல்லாது, மறக்காது. ஆனால் பெட்டி பாடிக்கொண்டிருக்க, வீட்டார் கொல்லைப்புறத்திலே மாட்டுக்குத் தீனி வைத்துக்கொண்டிருந்தால்? பொறிக்குப் பெட்டி தெரியும், ஆள் தெரியாது. பிற்காலத்திலே இடுப்பிலே செருகிக்கொள்ளும் சிறு கருவிகள் வந்தன. ஒலிபரப்பிலே மறைத்து வைத்த, செவிக்கு எட்டாத குறியொலியைக் கேட்டு அவை பதிவு செய்கின்றன. நுட்பம் வியக்கத்தக்கது, விலையும் அப்படியே!

பிரிட்டிஷ் ஒலிபரப்புக் கழகம் வேறு பாதை வகுத்தது. 1936இல் ராபர்ட் சில்வி என்பாரைக் கேட்போர் ஆய்வுக்கென அமர்த்தியது. 1939 டிசம்பர் முதல், நாள்தோறும் எண்ணூறு பேரை நேரில் கண்டு, முந்தைய நாள் கேட்டவை எவையெவை என்று வினவத் தொடங்கிற்று. போர்க்காலத்திலே, குண்டு விழுந்த நகரங்களுக்கிடையே, இந்த விசாரணை தொடர்ந்தது. மக்கள் செவி எங்கே திரும்புகிறது என்று அறியாமல் ஆட்சி நடத்த முடியாது என்பதை அவர்கள் உணர்ந்திருந்தார்கள்.

நம் நாட்டின் கதைக்கு வருவோம்.

1952இல் ஒலிபரப்பு அமைச்சரானார் கேஸ்கர். திரையிசை தரக்குறைவு என்று கருதி, வானொலியிலே அதை ஒடுக்கினார். மக்களுக்கு எது நல்லது என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. மக்கள் எதைக் கேட்கிறார்கள் என்று கேட்கத்தான் தெரியவில்லை. விளைவு? முள் கொழும்பை நோக்கித் திரும்பிற்று! 1950இல் தொடங்கியிருந்த இலங்கை வானொலியின் வர்த்தக ஒலிபரப்பு இந்தியா முழுவதையும் வளைத்துப் பிடித்தது. 'பத்து வீட்டில் ஒன்பது வீடு இலங்கை வானொலி கேட்கிறது. பத்தாவது வீட்டிலே பெட்டி பழுது' என்று ஒரு வேடிக்கைப் பேச்சு அந்நாளிலே உலவியது. தென்பாண்டிச் சீமைக்கோ சென்னையைக் காட்டிலும் கொழும்பு கிட்டம்! மயில்வாகனனின் குரலை அறியாத தேநீர்க்கடை இங்கே இருந்திருக்குமா? விளம்பரப் பணம் கடல் கடந்து போயிற்று. ஐந்தாண்டு கழித்து, 1957 அக்டோபர் 3ஆம் நாள், விவித பாரதி என்ற பெயரிலே திரையிசை திரும்பி வந்தது. கேட்போரைக் கேளாத ஆட்சிக்குக் காலம் கற்பித்த பாடம் அது!

திருச்சியிலே 1939 முதல் வானொலி நிலையம் இருந்தும், நெல்லைச் சீமை தன் பெயர் சொல்லும் நிலையத்தைப் பெற்றது 1963இல்தான். அதற்கு முன்பே தென்னகத்து அலைவரிசை வாக்கெடுப்பிலே மக்கள் தீர்ப்பளித்துவிட்டிருந்தார்கள். அந்தத் தீர்ப்பை அளந்து வைத்திருக்கவேண்டியவர்கள்தாம் அளக்கவில்லை.

அளக்கத் தெரிந்தவர்கள் நம் நாட்டிலே இல்லாமலில்லை. 1956இல் பூனா வட்டாரத்திலே யுனெஸ்கோவின் உதவியோடு ஒரு சோதனை நடந்தது. சிற்றூர்களிலே உழவர் மன்றங்கள் அமைத்து, வாரம் இருமுறையாகப் பத்து வாரம், இருபது ஒலிபரப்புகளைக் கேட்டு விவாதிக்கச் செய்தார்கள். டாட்டா சமூக அறிவியல் கழகத்தார் பால் நூராத் தலைமையிலே அதை அளந்தார்கள். எப்படி? தொடங்குமுன் ஒருமுறை வினவினார்கள். முடிந்தபின் மீண்டும் வினவினார்கள். அதோடு நிற்கவில்லை. வானொலி இருந்தும் மன்றமில்லாத ஊர்களையும், வானொலியே இல்லாத ஊர்களையும் அருகே வைத்து ஒப்பிட்டார்கள். மன்றம் இருந்த ஊர்களிலே அறிவு வளர்ந்திருந்தது. பெட்டி மட்டும் இருந்த ஊர்களிலே வளர்ச்சி சொற்பம். பெட்டி போதாது, கூடிப் பேசவும் வேண்டும் என்ற உண்மையை அளவுகோல் வெளிக்கொணர்ந்தது. 1959இல் அந்தத் திட்டம் நாடெங்கும் விரிந்தது.

தஞ்சை உழவன் தந்த சான்று இன்னும் அழகு! அறுபதுகளிலே ஆடுதுறை 27 என்ற நெல்லைப் பற்றித் திருச்சி வானொலி ஓயாது பேசிற்று. கேட்டவன் விதைத்தான், விதைத்தவன் அந்த நெல்லுக்கே 'ரேடியோ நெல்' என்று பெயரிட்டான். எத்தனை பேர் கேட்டார்கள் என்பதற்குத் தாளிலே கணக்கில்லாவிட்டால் என்ன, தரையிலே பச்சையாக எழுதி வைத்திருந்தான்!

இன்றைய நிலை என்ன? 2007இல் டேம் நிறுவனம் 'ராம்' என்ற பெயரிலே வானொலிக் கணிப்பைத் தொடங்கிற்று. பொறுக்கிய வீட்டாரிடம் ஒரு நாட்குறிப்பு ஏடு தரப்பட்டது. எந்த நேரத்திலே எந்த நிலையம் கேட்டார் என்று அவரே குறிக்கவேண்டியிருந்தது. எந்த நகரங்களில்? மும்பை, தில்லி, பெங்களூர், பின்னர் கொல்கத்தா. சென்னைகூட இல்லை, தோழர்களே! மதுரையும் கோவையும் இல்லை. நெல்லையின் நினைப்பே இல்லை. நான்கு நகரத்துச் சோற்றைப் பதம் பார்த்து, நாட்டின் பானைக்கே தீர்ப்பு! வானொலிக் கணிப்பு சீர்பெறவேண்டும் என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமே 2016இல் பரிந்துரை எழுதிற்று. பிரசார் பாரதியோ, 2021இல், கைப்பேசிச் செயலி வழியாகக் கேட்போரை வைத்து நகரங்களைத் தரவரிசைப்படுத்திப் பட்டியல் வெளியிட்டது. செயலியிலே கேட்பவர் செயலியிலே எண்ணப்படுவார், தவறில்லை. ஆனால் ட்ரான்சிஸ்டர் பெட்டியிலே கேட்கிற கிழவியை எந்தச் செயலி எண்ணும்? 1936இலே தொலைபேசி இல்லாதவனைத் தொலைத்தார்கள். இன்று செயலி இல்லாதவனைத் தொலைக்கலாமா?

மேலப்பாளையத்திலோ முக்கூடலிலோ ஒரு வீட்டு முற்றத்தை மேடையாகக் கொள்ளுங்கள். மடியிலே சொளவு, சொளவிலே பீடி இலையும் தூளும். கணிப்பாளர் நாட்குறிப்பேட்டோடு நுழைகிறார்.

"அம்மா, இந்த ஏட்டிலே கால்மணிக்கு ஒருமுறை, கேட்ட நிலையத்தின் பெயரை எழுதி வையுங்கள்."

"எந்தக் கையால எழுதச் சொல்லுதிய, ஐயா? ரெண்டு கையும் சொளவுலல்லா இருக்கு!"

"அப்படியானால் வானொலி கேட்பதில்லை என்று குறித்துக்கொள்ளட்டுமா?"

"கேக்காமயா? விடிஞ்சதுலேருந்து அதுதான துணை. மதினி வீட்டுப் பொட்டி. நாங்க அஞ்சாறு பேரு இங்கன உக்காந்து கேப்போம்."

"உங்கள் வீட்டிலே பெட்டி இல்லையா?"

"இல்ல."

கணிப்பாளர் குறிக்கிறார்: பெட்டி இல்லை, கேட்போர் இல்லை. திரை விழுகிறது!

கற்பனைக் காட்சிதான். ஆனால் இதிலே உள்ள பிழைகள் கற்பனை அல்ல. பெட்டியை எண்ணியது ஒரு பிழை. எழுதத் தோதில்லாதவரிடம் ஏட்டை நீட்டியது இரண்டாம் பிழை. கூடிக் கேட்பதை வீட்டுக் கணக்கிலே அடைத்தது மூன்றாம் பிழை. புன்னைக்காயலுக்கும் மணப்பாட்டுக்கும் போனால் நான்காம் பிழையும் காணலாம். காற்றும் அலையும் எப்படி என்று செய்தி கேட்டுவிட்டு இருள் பிரியுமுன் கடலேறியவனை, காலை பத்து மணிக்கு வீட்டுக் கதவைத் தட்டித் தேடினால், எண்ணிக்கையிலே அவன் எப்படி வருவான்?

இதெல்லாம் பொழுதுபோக்கு விவகாரம் என்று எவரும் எண்ணிவிட வேண்டாம். 2023 டிசம்பர் 17, 18 நாள்களை மறந்தோமா? காயல்பட்டினத்திலே ஒரே நாளில் 95 செண்டிமீட்டர் மழை! பொருநை கரைபுரண்டது. திருவைகுண்டம் நிலையத்திலே ஏறத்தாழ எண்ணூறு பயணிகளோடு ரயில் நின்றுவிட்டது, ஊர்கள் தீவுகளாயின. மின்சாரம் போனது, கைப்பேசிகள் ஊமையாயின. கோபுரம் சாய்ந்தாலும், கம்பி அறுந்தாலும், இரண்டு பேட்டரிக் கட்டைகளின் துணையோடு பேசவல்லது வானொலி ஒன்றுதான். அப்படிப்பட்ட நாளில் எந்த ஊரிலே, எத்தனை வீட்டிலே இயங்கும் வானொலி இருக்கிறது, எந்த அலைவரிசை அங்கே எட்டுகிறது என்று அறிந்து வைத்திருப்பது ஆட்சியின் கடமை அல்லவா? வெள்ளம் வந்தபின் எண்ணமுடியாது, தோழர்களே. வெயில் அடிக்கும்போதே எண்ணவேண்டும்.

ஆகவே நாம் கேட்பது அதிகமில்லை. ஒலிபரப்பைக் குறைக்குமுன் எண்ணுங்கள். எண்ணும்போது ஆற்றின் போக்கிலே எண்ணுங்கள்: மலையடி ஊர், கால்வாய்ப் பாசன ஊர், பீடி சுற்றும் ஊர், மானாவாரி நிலத்து ஊர், கடலோர ஊர் என ஒவ்வொன்றிலும் குலுக்கிப் பொறுக்கி எண்ணுங்கள். பெட்டியை அல்ல, ஆளை எண்ணுங்கள். எழுத முடியாதவரிடம் நேரில் கேளுங்கள்; வேலை நேரமறிந்து கேளுங்கள். நகரத்துத் தனியார் பண்பலை கேட்பவரையும் அரசு வானொலி கேட்பவரையும் ஒரே தராசிலே நிறுங்கள். கேட்ட கேள்வியையும் பொறுக்கிய முறையையும் கிடைத்த விடையையும் ஒளிக்காமல் வெளியிடுங்கள். அதன்பின்னும் கேட்பவர் இல்லையென்று மெய்யாகவே தெரிந்தால், மூடுங்கள். நாங்கள் மறியலுக்கு வரமாட்டோம்!

உடன்பிறந்த உரிமையோடு நம் தோழர்களுக்கும் ஒரு சொல். பந்தலிலே ஐயாயிரம் பேர் இருந்தால் ஐம்பதாயிரம் என்று சுவரொட்டி அடிப்பவர் நம்மிடையே இல்லை என்று எவரும் சொல்லமுடியாது. கைதட்டியவரை எண்ணி வெற்றி என்று கூத்தாடி, கைகட்டி நின்றவரை எண்ண மறந்து தோற்ற வட்டங்களையும் நாம் அறிவோம். லிட்டரரி டைஜஸ்டைப் பார்த்துச் சிரித்தோமே, அந்தச் சிரிப்பு நம் பக்கமும் திரும்பும். அளவுகோலை ஆட்சியிடம் நீட்டுகிற கை, முதலில் தன் வீட்டை அளந்திருக்கவேண்டும். தெருமுனைக் கூட்டம் முடிந்ததும் மேடையிலிருந்து இறங்கி, கூட்டத்துக்கு வராத பத்து வீடுகளின் கதவைத் தட்டுங்கள்: "எங்கள் பேச்சு உங்கள் காதில் விழுந்ததா? விழுந்தது எது? விழாதது ஏன்?" அதுவே கேட்போர் ஆய்வு, அதுவே மக்களாட்சியின் அரிச்சுவடி!

பேசுகிறவனுக்கு மேடை கிடைத்துவிடும்; ஒலிபெருக்கி கிடைத்துவிடும். கேட்கிறவனுக்குத்தான் குரல் கிடைப்பதில்லை. அந்தக் குரலைத் தேடிப்போய்க் கேட்பதற்குப் பெயர்தான் கணிப்பு என்றால், அது கல்லூரி மாடியிலே பூட்டிவைக்கும் கலை அல்ல. களத்திலே நிற்கும் ஒவ்வொரு தோழனும் கைக்கொள்ளவேண்டிய கடமை. பொருநைக் கரையிலே காதுகள் திறந்தே இருக்கின்றன. கேட்பாரற்றுப் போனது வானொலி அல்ல, தோழர்களே. கேட்பாரற்றுப் போனவர்கள் அதைக் கேட்பவர்கள்! அவர்களைக் கேட்கப் புறப்படுவோம்.